சமூக வன உரிமைக்கு ஃபாரம் சி போடணும். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் கணக்கு நிறையவில்லை, வழி சொல்லுங்கள்

முதலமடை ராணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். முதலமடைக்கு மேலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஓர் ஊர். மலசர், காடர் என்ற பழங்குடிகளாக 42 குடும்பம், 18 வயது நிறைந்தவர்கள் 96 பேர். தனிநபர் வன உரிமைச் சான்று பெரும்பாலும் வந்துவிட்டது, ஆனால் நிறையச் சான்றுகளில் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான். காட்டுக்கான சமூக உரிமை இன்னும் கேட்கவே இல்லை. ஊர்க்கூட்டம் கூட்டினால் கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வரவேண்டிய ஆள் கணக்கு) இல்லை என்று கலைகிறது. பெண்கள் பாதிப் பேர் கீழே மாந்தோப்பு வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இதில் முன்னால் நிற்பது பெண்கள்தான். அமேசானில் பெண்கள் கேஸ் போட்டு எண்ணெய்க் கம்பெனியை நிறுத்தினார்கள் என்று செல்போனில் பார்த்துவிட்டு, "நம்ம காட்டுக்கு அப்படி என்ன பேப்பர் இருக்கு?" என்று கேட்கிறார்கள். ரேஞ்ச் ஆபீசில் "வி.எஸ்.எஸ். இருக்கே, இது வேற எதுக்கு?" என்கிறார்கள், வனத்துறை அமைத்த வனப் பாதுகாப்புக் குழுவைச் சொல்கிறார்கள். கோரம், வரைபடம், பட்டாவில் பெண் பெயர், எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் தேன் எடுக்கும் விஷயம், நாளைக்கு ஒரு திட்டம் வந்தால் என்ன ஆகும் என்பது, எதற்கு பதில் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

கொல்லங்கோடு செல்வி:

ராணிக்கா, முதலில் கோரம். 2012-ல் திருத்திய வன உரிமைச் சட்ட விதிப்படி கிராமசபை (நம் ஊர்க்கூட்டம்தான்) உறுப்பினர்களில் பாதிப் பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும். உங்கள் 96-க்கு 48 பேர், அதில் 16 பெண்கள். 60 பேர் வந்தால் 20 பெண்கள் வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்தால் பெண்கள் கணக்கும் கூடவே ஏறும். 2008 விதியில் மூன்றில் இரண்டு பங்கு கோரம் என்று இருந்தது. அந்தப் பழைய தாளைக் காட்டி "64 பேர் வேணும்" என்று யாராவது கூட்டத்தைக் கலைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நாளும் நேரமும் பாதி வேலை. ஜனவரி முதல் மே வரை முதலமடையில் மாங்காய் சீசன், வேலை நாளில் பெண்கள் வரமாட்டார்கள், சாயங்காலம் வைத்தால் யானைத் தடம். நடமாடும் ரேஷன் வண்டி வரும் நாள் பகலில் வையுங்கள். அன்று எப்படியும் வீட்டுக்கு ஒரு பெண் ஊரில் இருப்பாள். கூட்டத்தை அழைப்பது பஞ்சாயத்து. அதனால் தேதி கேட்டு மனு கொடுத்து, வாங்கிய முத்திரையோடு நகல் வையுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் ஆண், பெண் கையெழுத்தைத் தனித்தனிப் பக்கத்தில் வாங்கி, மொத்தம் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, மூப்பனும் (ஊர்த் தலைவர்) வன உரிமைக் குழுச் செயலாளரும் கீழே ஒப்பமிட வேண்டும். கைநாட்டு வைத்தவர் பெயரைப் பக்கத்திலேயே எழுதணும். கலந்து வாங்கிய கையெழுத்தில் பெண் எண்ணிக்கையை மேலே இருந்து எண்ணிப் பார்த்து, "கோரம் சந்தேகம்" என்று கோப்பைத் திருப்புவது சாதாரணம்.

வன உரிமைக் குழு 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். 15 பேர் குழுவில் 5 பெண்கள் என்பது அடித்தளம்தான், 10 பெண்கள் இருந்தாலும் சட்டம் தடுக்காது. செயலாளர் ஒரு பெண்ணாக இருக்கட்டும். புத்தகம் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் பேச்சுக்குத்தான் ஆபீசில் மதிப்பு.

அதே கூட்டத்தில், சமூக வன வளத்தின் (ஊர் வழிவழியாகப் பயன்படுத்தும் காடு) எல்லையைத் தீர்மானிக்கும் வேலை எந்தத் தேதியில் தொடங்கும் என்று தீர்மானம் போட்டு, பக்கத்து ஊர்களுக்கும், கிராமசபைக்கு அடுத்து மனுவைப் பார்க்கும் சப் டிவிஷன் கமிட்டிக்கும் எழுத்தில் தெரிவிக்கணும். இரண்டு ஊர் ஒரே காட்டைப் பயன்படுத்தினால் சண்டை வேண்டாம், இரண்டு குழுவும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எழுதலாம் என்றே விதி 12 சொல்கிறது. வனத்துறை மேப்பும் வாக்காளர் பட்டியலும் கொடுப்பது சப் டிவிஷன் கமிட்டியின் கடமை. கேட்டு வாங்குங்கள், காசு கிடையாது.

ஃபாரம் சி-யில் கம்பார்ட்மென்ட் எண் (வனத்துறை காட்டைப் பிரித்த பகுதியின் எண்) கேட்கும் இடத்தில் "இருந்தால், தெரிந்தால்" என்றுதான் இருக்கும். அந்த எண் இல்லை என்று யாரும் மனுவை மறுக்க முடியாது. ஆதாரம் குறைந்தது இரண்டு. மூத்தவர்கள் வாக்குமூலம், சுடுகாடு, கோயில் மரம், பழைய கிணறு, வனத்துறையின் சொந்த ஒர்க்கிங் பிளான் (காட்டு நிர்வாகத் திட்டம்), ஆய்வறிக்கை, எல்லாம் விதி 13-ல் செல்லும். இது கொச்சி ராஜ்யத்தோடு தொடர்புள்ள காடு. பழைய சமஸ்தான ஆவணமும் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. எர்ணாகுளம் மண்டல ஆவணக் காப்பகத்தில் கொச்சிக் காட்டுத் தாள்களைத் தேடலாம். 1907 முதல் பல பத்தாண்டுகள் சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளத்துக்கு மர டிராம் ஓடியது. காட்டுக்குள் யார் வேலை பார்த்தார்கள் என்று அந்தக் காலத்துத் தாள்களில் தேடுவது வீண்போகாது.

களச் சரிபார்ப்புக்கு வனத்துறைக்கும் ரெவின்யூவுக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். அவர்கள் வந்து, பதவி, தேதி, கருத்து எழுதிக் கையெழுத்துப் போடணும். வராமல் இருந்துவிட்டு "நாங்கள் பார்க்கவில்லை" என்று பின்னால் ஆட்சேபித்தால் மனு ஊருக்குத் திரும்பும், மறுபடி அழைக்கணும். இரண்டாம் முறையும் வராவிட்டால் ஊர்க்கூட்டம் சொல்வதே முடிவு, விதி 12-ஏ. ஆகவே இரண்டு அழைப்புக் கடிதத்துக்கும் ரசீது கையில் இருக்கணும். மற்ற தாளெல்லாம் தொலைந்தாலும் இந்த இரண்டு தொலையக்கூடாது.

இன்னொன்று. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மினிட்ஸ் தமிழில் இருக்கட்டும், கூடவே மலையாள நகல் ஒன்று. இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புக்கு என்று கோப்பு மாதக்கணக்கில் தூங்கும்.

ஜி.பி.எஸ். மணி:

வரைபடத்துக்கு மட்டும் சொல்கிறேன். உடனே போனைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள். முதலில் ஊர் மண்தரையில் கோலப்பொடியால் ஆறு, மலை, பாதை வரையுங்கள், பிறகு சார்ட் தாளில். பெண்களை ஆண்களிடமிருந்து தனியாக உட்காரவைத்து ஒரு வரைபடம் வாங்குங்கள். ஆண்கள் வரைந்தால் தேன் பாறை, குங்கிலிய மரம், தூரத்து மலைமுகடு வரும். கவலைக்கிழங்கு தோண்டும் சரிவு, மீன் பிடிக்கும் கயம், கோடையிலும் வற்றாத ஊற்று, துடைப்பப்புல் அறுக்கும் மேடு, இதெல்லாம் பெண்கள் தாளில்தான் இருக்கும். ஆற்றோரம் விட்டுப்போனால் பெரிய நஷ்டம். சிறு நீர்மின் திட்டமும் ரிசார்ட்டும் கேட்பது அந்த ஆற்றோரத்தைத்தான்.

இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்த பிறகு நடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டையும் மழையும், வேண்டாம். பிப்ரவரி பாதிக்கு மேல் காட்டுத்தீ பயம் என்று உள்ளே விடமாட்டார்கள். டிசம்பர், ஜனவரிதான் சரி. அடர்ந்த சோலைக்குள் போன் ஜி.பி.எஸ். 20 மீட்டர், சில இடத்தில் அதற்கு மேலும் தள்ளிக் காட்டும். ஒரு புள்ளியில் இரண்டு மூன்று நிமிடம் நின்று, மூன்று ரீடிங் எடுத்துச் சராசரி போடுங்கள். எல்லை முழுக்கப் புள்ளி வைக்கத் தேவையில்லை. முகடும் ஓடையும் எல்லையாக இருந்தால் தொடக்கமும் முடிவும் திரும்பும் இடமும் போதும், நடுவில் "ஓடை வழியே வடக்காக" என்று எழுதுங்கள். எல்லாரும் ஒரே வடிவத்தில், டெசிமல் டிகிரியில் குறியுங்கள். பாதி டிகிரி நிமிடம் செகண்ட், பாதி டெசிமல் என்று கலந்தால் ஊர் எல்லை பக்கத்து மாவட்டத்தில் போய் விழும்.

இடப்பெயர் ஊர் வழக்கில் எழுதி, வனத்துறைப் பெயர் இருந்தால் பக்கத்தில் எழுதுங்கள். முக்கியமாக ஒன்று: தேன் பாறை, மருந்துச் செடி, சாமி இடம் இவற்றின் துல்லியப் புள்ளியை ஆபீசுக்குப் போகும் வரைபடத்தில் வைக்கவேண்டாம். அங்கே பகுதி நிழல் மட்டும். புள்ளிக் கணக்கு ஊர்ப் புத்தகத்தில் இருந்தால் போதும். அந்தத் தாள் யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று சொல்லமுடியாது.

வில்லேஜ் ஆபீஸ் தாத்தா:

பட்டாவில் பெயர் விஷயம். சட்டப் பிரிவு 4(4) தெளிவு: கல்யாணம் ஆனவர்கள் என்றால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக, தனியாளாகக் குடும்பம் நடத்தும் பெண் என்றால் அவர் பெயரிலேயே. தனிநபர் உரிமை மனுவான ஃபாரம் ஏ-யில் இரண்டாவது கட்டமே கணவன் அல்லது மனைவி பெயர்தான். அதைக் காலியாக விட்டதால்தான் சான்றிலும் வரவில்லை. புது மனு வேண்டாம், திருத்தம் போதும். தனித்தனியாக அலையாமல், ஊர்க்கூட்டத்தில் ஒரே தீர்மானம்: சான்று எண், பரப்பு, இப்போது உள்ள பெயர், சேர்க்கவேண்டிய பெயர் என்று ஒரு பட்டியல். அதைச் சப் டிவிஷன் கமிட்டி வழியாக மாவட்டக் கமிட்டிக்கு அனுப்புங்கள். கூட வைக்க ரேஷன் கார்டே நல்ல ஆதாரம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கார்டில் குடும்பத் தலைவியே மூத்த பெண்தான். ஒரு அரசுத் தாளில் அவள் குடும்பத் தலைவி, இன்னொரு அரசுத் தாளில் அவள் பெயரே இல்லை!

"கணவனின் சம்மதக் கடிதம் கொண்டு வா" என்று கேட்பார்கள். தேவையில்லை, கூட்டுப் பெயர் சட்டம் கொடுப்பது, வீட்டுக்காரர் கொடுப்பதில்லை. ஆதாரிலும் கார்டிலும் பெயர் எழுத்து வேறுபட்டால் இரண்டும் ஒரே ஆள் என்று தீர்மானத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

இந்த நிலத்தை விற்கவோ கைமாற்றவோ முடியாது, வாரிசுக்கு மட்டும் போகும். இஞ்சி, வாழை போட வெளியாளுக்குப் பாட்டம் (குத்தகை) விடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. பாட்டக்காரர் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும்போது மனைவி பெயரும் சான்றில் இருந்தால் அவரைத் தாண்டி வேலை நடக்காது.

சேத்துமடை சுப்பு:

எல்லைக் கணக்கு கொஞ்சம் விசித்திரம். கேரளத்தில் காடர், 'மிகவும் நலிந்த பழங்குடி' பட்டியலில் உண்டு. மலை இறங்கித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அதே காடர் அந்தப் பட்டியலில் இல்லை. இருளர் நேர்மாறு, இங்கே உண்டு, அங்கே இல்லை. பிரிவு 3(1)(e) சொல்லும் வாழிட உரிமை (வழிவழியாக வாழும் நிலப்பரப்புக்கான உரிமை) நடைமுறையில் இந்தப் பட்டியலோடு சேர்ந்தது. அதனால் ராணி அம்மா ஊரில் காடர் குடும்பங்கள் வாழிட உரிமையும் கேட்கலாம், ஆனைமலைப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு அந்த வழி சுலபமில்லை. மலசருக்கு இரண்டு பக்கமும் இல்லை. ஃபாரம் சி-க்கு இந்தப் பட்டியல் தடை இல்லை, ஆகவே முதலில் அதைப் போடுவதே புத்தி.

காடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் மனு. பல டிவிஷன், பல மாவட்டம் என்றால் கமிட்டிகள் தங்களுக்குள் பேசவேண்டும் என்று விதியில் இருக்கிறது. மாநிலம் தாண்டினால் என்ன என்று இல்லை. கேரளப் பக்கக் காட்டைத் தனியாகக் கேட்டு முடியுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் தேன் எடுக்கும் இடத்தை, அந்தப் பக்கத்து செட்டில்மென்ட் தன் மனுவில் "இன்ன ஊராருக்கும் வழக்கமான பயன்பாடு உண்டு" என்று எழுதட்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இரண்டு பக்கமும் தள்ளிவிடுவார்கள்.

செக்போஸ்ட்டில் தேனைப் பிடிப்பதற்கு: சிறு வனப்பொருளுக்கு போக்குவரத்து அனுமதியை ஊர்க்கூட்டத்தின் காட்டுப் பாதுகாப்புக் குழுவே கொடுக்கலாம் என்று 2012 திருத்தத்தில் வந்துவிட்டது. அச்சடித்த ரசீதுப் புத்தகம், வரிசை எண், பொருள், எடை, யார் எடுத்தது, எங்கே போகிறது, தேதி, முத்திரை. அடிக்கட்டை ஊரில் இருக்கணும். மாதிரி ஒன்றையும், புத்தகம் யார் பொறுப்பு என்பதையும் செக்போஸ்ட்டுக்கும் ரேஞ்சுக்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு சட்டம் பேசினால் தேன் அங்கேயே நிற்கும்.

மலைக்காற்று:

அமேசான் கேள்விக்கு. எக்வடோரில் வௌரானி மக்கள் 2019 ஏப்ரல் 26-ல் பஸ்தாசா நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், முன்னால் நின்றவர் நெமோன்தே நென்கிமோ. சுமார் 5 லட்சம் ஏக்கர் மழைக்காடு எண்ணெய் ஏலத்திலிருந்து தப்பியது. 2012-ல் அரசு நடத்திய கலந்தாலோசனை சரியானதாக இல்லை என்பதே அங்கே வாதம். அதற்கு முன்பே வேட்டைப் பாதை, மீன் இடம், மருந்துச் செடி எல்லாம் குறித்துத் தங்கள் வரைபடத்தைத் தயார் செய்திருந்தார்கள். மணி சொன்ன அதே வேலைதான்.

நம் நாட்டில் அதற்கு ஈடு ஒடிசாவின் நியம்கிரி மலை. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் முடிவை கிராமசபைகளிடம் விட்டது. 12 கிராமசபைகளும் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்றன. இங்கே பக்கத்திலேயே வாழச்சால். 163 மெகாவாட் அதிரப்பள்ளி அணைக்கு எதிராக ஊரின் சார்பில் பேசிய மூப்பத்தி வி.கே. கீதா, காடர் பெண். அந்தப் பகுதியின் ஒன்பது காடர் ஊர்களுக்கு 2014-ல் சமூக வன வள உரிமை வந்தது. அணைக்கு எதிரான பேச்சுக்கு அந்தத் தாள் எவ்வளவு பலம் என்பதை அங்கே போய்க் கேட்கலாம், எட்டும் தூரம்தான்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (அரசமைப்பின் கீழ் அறிவித்த பழங்குடிப் பகுதி) கிடையாது, ஆகவே அந்தப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டமான பெசா நமக்கு இல்லை. கையில் உள்ளது வன உரிமைச் சட்டம் ஒன்றே. மத்திய அரசின் 2009 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கைப்படி காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற கிராமசபைத் தீர்மானம் வேண்டியிருந்தது. 2022 வனப் பாதுகாப்பு விதிகளில், மத்திய அரசு அனுமதி கொடுப்பதற்கு முன்பே சம்மதத்தைச் சரிபார்ப்பது போய், மாநில அரசின் தலையில் பின்னால் விழும் வேலையாகிவிட்டது. அனுமதி வந்த பிறகு கேட்கும் சம்மதத்துக்கு என்ன மரியாதை இருக்கும்? அதனால் திட்டம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். பிரிவு 5-ன் கீழ் காடு, நீர்நிலை, பல்லுயிர் காக்க கிராமசபைக்கு அதிகாரம் உண்டு. இன்ன கயம், இன்ன ஓடை, இன்ன சரிவு என்று பெயர் சொல்லி இப்போதே ஒரு தீர்மானம் போடுங்கள். "காட்டைக் காப்போம்" என்று பொதுவாக எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதலமடை ராணி:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். வி.எஸ்.எஸ். பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? அப்புறம், 2018, 2019 மழைக்குப் பிறகு மேலே இருக்கும் ஊர்களை "மண் சரியும், கீழே வாங்க" என்கிறார்கள். இறங்கினால் காட்டு உரிமை போய்விடுமா என்று பெண்கள் பயப்படுகிறார்கள்.

கொல்லங்கோடு செல்வி:

வி.எஸ்.எஸ். வனத்துறை ஆணையால் வந்தது, அதன் செயலாளர் வனத்துறை ஊழியர். ஃபாரம் சி-யில் உரிமை கிராமசபைக்கு, பிரிவு 3(1)(i). காட்டைக் காக்கும் குழுவையும் திட்டத்தையும் ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுக்கும், அந்தத் திட்டத்தை வனத்துறையின் ஒர்க்கிங் பிளானோடு இணைக்கவேண்டும் என்று விதி 4 சொல்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று எங்கேயும் இல்லை. புலிகள் காப்பகம் என்றும் சொல்வார்கள். சரணாலயமும் தேசியப் பூங்காவும் சமூக வன வளத்தில் அடங்கும் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. சான்று வரும்போது மட்டும் கவனம்: உரிமையாளர் இடத்தில் கிராமசபை பெயர் இருக்கணும். வி.எஸ்.எஸ். பெயரோ, "வனத்துறை நிபந்தனைக்கு உட்பட்டு" என்ற வரியோ இருந்தால் வாங்கின அன்றே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

மண் சரிவு விஷயம் பயப்படவேண்டியதுதான், உயிர் முதலில். ஆனால் இறங்குவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் எழுதுங்கள்: இது மழைக்கான தற்காலிக இடமாற்றம், யாரும் காட்டு உரிமையை விடவில்லை, கிழங்குக்கும் மீனுக்கும் சாமி கும்பிடவும் மேலே போய்வருவோம் என்று. வால்பாறைப் பக்கம் கல்லார்குடியில் 2019 ஆகஸ்டில் நிலம் சரிந்த பிறகு, எஸ்டேட் லைன் வீட்டில் முடங்காமல் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டு நெடுநாள் போராடி வாங்கினார்கள், பெண்கள் முன்னால் நின்றார்கள். எங்கே இறங்குவது என்பதை ஊர் சொல்லலாம் என்பதற்கு அது போதும். காட்டுக்குள் மாற்று இடம் எது பாதுகாப்பு என்று ஊர்ப் பெண்கள் காட்டும் இடத்தை ஜியாலஜி ஆட்களை வைத்துப் பார்க்கச் சொல்லி அதே தீர்மானத்தில் கேளுங்கள்.

மனு தள்ளுபடி ஆனால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். கிராமசபை முடிவுக்கு எதிராகச் சப் டிவிஷன் கமிட்டிக்கு 60 நாள், அதன் முடிவுக்கு எதிராக மாவட்டக் கமிட்டிக்கு 60 நாள். மேல் கமிட்டிக்கு குறை தெரிந்தால் தானாகத் தள்ளாமல் ஊருக்குத் திருப்பி அனுப்பணும். 2019 பிப்ரவரி 13-ல் உச்ச நீதிமன்றம், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொன்னது. 28-ம் தேதி அதை நிறுத்திவைத்தது. ஒழுங்கான காரணம் இல்லாத தள்ளுபடித் தாள் எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் பலருக்குப் புரிந்தது. சான்று வந்த மூன்று மாதத்துக்குள் ரெவின்யூ, வனத்துறை இரண்டின் பதிவேட்டிலும் மேப் ஏறணும். அது ஏறியதா என்று கேட்டு, பதிவேட்டுப் பக்கத்தின் நகலைத் தகவல் உரிமையில் வாங்கிச் செயலாளர் வீட்டுப் பெட்டியில் வையுங்கள்.

சேத்துமடை சுப்பு:

பெட்டி தகரமாக இருக்கட்டும் அம்மா, மரப்பெட்டி என்றால் கரையான் தின்னும். ஸ்கேன் ஒரு செட் கீழே யாரிடமாவது.